கைராசி டாக்டரும் அம்மாவின் ரெண்டு வருஷமும்

இதை எழுதியது தெரிந்தால் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவர் இணையம் பக்கம் வருவது கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க மட்டும்தான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போட்டுக்கொடுக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் இப்போதே இடத்தைக் காலி செய்துவிடுங்கள். :-)

விஷயம் இவ்வளவுதான்: குடும்ப டாக்டரை மாற்றுவது துரோகம் இல்லை. "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எங்கள் வீட்டு டாக்டர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு டாக்டர். கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும். சாயங்காலம் டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே ஒரு நிமிஷம் கிடைக்கும். "என்ன பண்ணுது?" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் ஊசி தயாராக இருக்கும். அப்புறம் காகிதப் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரை ஆறு, மஞ்சள் மாத்திரை ஆறு. பேர் கிடையாது, அட்டை கிடையாது. கம்பவுண்டர் அண்ணன் பொட்டலத்தின் மேல் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். எங்களுக்குத் தெரிந்த மருத்துவ அறிவு அந்த ரெண்டு கோடுதான்.

அம்மாவுக்கு வயசு 44. ரெண்டு வருஷமாக ஓயாத அசதி. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்காருவார். நாங்கள் எல்லாம் வியர்த்து வழியும்போது அவர் மட்டும் ஃபேனைக் குறைக்கச் சொல்வார். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. சாப்பாடு குறைந்தும் எடை ஏறியது. ஏழெட்டுத் தடவை கைராசியிடம் போனார். "வயசாகுதில்லம்மா, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் குனிஞ்சு நிமிந்து வேலை பாருங்க, உடம்பு குறையும்" என்று ஒவ்வொரு தடவையும் அதே வசனம், அதே சத்து ஊசி. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் எது தெரியுமா? அம்மா அதை நம்பிவிட்டார். நான் சோம்பேறி ஆயிட்டேன்டா என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவர்!

கடைசியில் என் வகுப்புத் தோழன் வீட்டில் சொன்ன ஒரு டாக்டரம்மாவிடம், அப்பாவுக்குத் தெரியாமல் அழைத்துப்போனேன். அவர் பத்து நிமிஷம் கேள்வி கேட்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். டி.எஸ்.எச். என்று ஒரு பரிசோதனை எழுதினார். சில நூறு ரூபாய் செலவு. தைராய்டு குறைவு என்று வந்தது. தினம் காலை வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது. (அம்மாவுக்கு இப்போதுள்ள ஒரே குறை அந்தக் காபிதான்.) மூன்று மாதத்தில் படியில் உட்காருவது நின்றுவிட்டது.

நான் டாக்டர் இல்லை, பி.காம். கடைசி வருஷம். அசதி என்றாலே தைராய்டு என்று சொல்ல வரவில்லை. ரத்தசோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், நிஜமாகவே வெறும் அசதியாகவும் இருக்கலாம். முதல் தடவையே அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. எட்டாவது தடவையாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

விஷயம் தெரிந்ததும் அப்பா சொன்னது: "உன் தாத்தாவுக்கு மூச்சு முட்டினப்ப நடுராத்திரி சைக்கிள்ல வந்தவர்டா அவர். காசு வாங்கல." உண்மைதான். அந்த நன்றியை நானும் மறுக்கவில்லை. அதற்காக எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்கு வைக்கலாம். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோகலாம். தாத்தா பட்ட கடனை அம்மாவின் உடம்பை வைத்து அடைப்பது என்ன கணக்கு? எங்கள் பாடத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போட்ட பணம் திரும்பாது, அதை நினைத்துக்கொண்டு மேலும் போடாதே என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள். இருபது வருஷப் பழக்கமும் அப்படித்தான்.

பொருளியல்காரர்கள் இதை விட்டுவைக்கவில்லை. வைத்தியத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் இது கத்தரிக்காய் சந்தை மாதிரி நடக்காது என்று கென்னத் ஆரோ 1963லேயே எழுதிவிட்டார். கத்தரிக்காய் சொத்தை என்றால் வெட்டியதும் தெரியும். வைத்தியம் சொத்தை என்பது ரெண்டு வருஷம் கழித்தும் தெரியாமல் போகலாம். ஹிர்ஷ்மன் 1970ல் எழுதிய புத்தகத்தில், சரக்கு பிடிக்காதவனுக்கு ரெண்டு வழி சொல்கிறார்: வெளியேறு, இல்லை வாயைத் திறந்து கேள். விசுவாசம் இருப்பவன் சட்டென்று வெளியேறமாட்டான், ஆனால் கேட்பான். நம் ஊரில் கதை வேறு. விசுவாசத்தால் வெளியேறவும் மாட்டோம், மரியாதையால் கேட்கவும் மாட்டோம்.

"ஒரே டாக்டர்னா நம்ம உடம்பு வாகு அவருக்குத் தெரியும்" என்பது அடுத்த வாதம். இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு டாக்டர் என்று அலைபவர்களுக்கு ஒரே மாத்திரையே ரெண்டு பேரில் கிடைத்த கதையெல்லாம் உண்டு. ஆனால் உடம்பு வாகு தெரிவதென்றால் எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் டாக்டரிடம் அம்மா பேரில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஒவ்வொரு தடவையும் "சுகர் இருக்கா?" என்று புதிதாகக் கேட்பார். இருபது வருஷம் பழகினோம் என்பதைவிட, ஒரே முதல் சந்திப்பை இருபது வருஷமாக நடத்தினோம் என்பதுதான் சரி.

இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் ஒரு பொது மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். மாற்ற நினைத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை, குறிப்புகள் தானாகப் புது மருத்துவரிடம் போய்விடும். இங்கே பதிவும் கிடையாது, தடையும் கிடையாது. நாளைக்கே மாற்றலாம். தடுப்பது, வாசலில் கோலம் போடும் டாக்டர் வீட்டு அம்மாவை எப்படி நேருக்கு நேர் பார்ப்பது என்கிற கூச்சம்தான்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. (எங்களுக்கு வணிகச் சட்டப் பரீட்சையில் அது அஞ்சு மார்க்!) மருத்துவக் குறிப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதி. மருந்தின் மூலப்பெயரை வாசிக்கும்படி எழுத வேண்டும் என்று 2016ல் அதில் திருத்தமும் செய்தார்கள். எங்கள் பொட்டலத்துக்கு இதெல்லாம் தெரியாது போலும்.

மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. கோபத்தில் பழைய மாத்திரையைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்பதுதான். சிலவற்றை, குறிப்பாக ஸ்டீராய்டு வகையை, நாளாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். வலி மாத்திரை அதிகமானால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டுமாம். நாங்கள் பொட்டலத்தை மேஜையில் வைத்தோம். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னன்னு எனக்கும் தெரியலையே" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி.

அப்பா இன்னும் கைராசியிடம்தான் போகிறார். சர்க்கரைக்கு. போன வாரம் பொட்டலத்தோடு வந்தவரிடம், "இது என்ன மாத்திரைப்பா?" என்று கேட்டேன்.

"வெள்ளை மாத்திரை" என்றார்.