திருகைக் காதால் திருப்புகிறவர்

சித்தூர் மாவட்டம் பங்காருபாளையம் பக்கம் ஒரு மாந்தோப்பில் இந்த வாரம் மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை. 2025 சீசனில் சித்தூர் தோத்தாபுரி, அதாவது நம் கிளிமூக்கு, பட்ட பாட்டை அப்போதே எழுதியிருந்தேன். கிலோவுக்கு 12 ரூபாய் என்றது ஆந்திர அரசு. அதில் 8 ரூபாய் கூழ் ஆலைகள் தர வேண்டும், 4 ரூபாய் அரசு மானியம். அந்தக் கணக்கில் நம்பிக்கை இழந்த விவசாயி ஒருவர் கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு வேறு பயிர் வைக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதை எழுதத்தான் போனேன்.

ஆனால் மரத்தடியில் ஒரு புது மெஷின் இருந்தது.

மரம் அறுக்கும் மெஷின் கேட்டுப் போனால் கடையில் சி.சி. ஒன்றைத்தான் பேசுகிறார்கள். ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்.எஸ். 250 என்றால் 45.4 சி.சி., 4.6 கிலோ. எம்.எஸ். 382 என்றால் 72.2 சி.சி., 6.2 கிலோ. பார், செயின் எடை தனி. கிளை கழிக்கச் சின்னதே தாராளம். பருத்த அடிமரத்துக்குத்தான் பெரியது வேண்டும். வாங்குகிறவர் ஒருவர், நாளெல்லாம் தூக்கிப் பிடிக்கிறவர் வேறொருவர் என்பதால் எடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த விவசாயி தலையில் பெரியதைக் கட்டியிருந்தார்கள், பல் தீட்ட ஒரு வட்ட அரம்கூடக் கொடுக்காமல்!

அரத்தைப் பற்றி நான் எழுதாத மாதமில்லை, இன்னும் எழுதுவேன். மழுங்கிய பல் மரத்தை மாவாக்கும், கூரான பல் சீவலாக உதிர்க்கும். 382-இன் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் அரம், 30 டிகிரி சாய்வு, எல்லாப் பல்லும் ஒரே நீளம். இது தவறினால் எத்தனை சி.சி. இருந்தும் பயனில்லை. இன்றைய செயின் பல்லின் வடிவத்தையே 1946-இல் அமெரிக்காவின் ஓரெகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டிதான் கண்டுபிடித்தார். மரம் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடை பக்கவாட்டில் அறுப்பதைக் கவனித்த தொழிலாளியின் கண் அது.

தோப்பில் மெஷினை டியூன் செய்தவர் ஜவ்வாது மலைக்காரர். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எச் திருகை உள்ளே திருப்பத் திருப்ப பெட்ரோல் குறைந்து வேகம் ஏறும், சத்தம் கணீரென்று கேட்கும். வாங்கியவருக்கு அதில்தான் மகிழ்ச்சி. ஆனால் 50-க்கு 1 கலந்த ஆயிலும் பெட்ரோலோடுதானே உள்ளே போகிறது? அது குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருகை இம்மி இம்மியாக வெளியே எடுத்தார். மரத்தில் படாமல் முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் லேசாகக் கரகரத்தது. மரத்தில் இறக்கியதும் தெளிந்தது. பிறகு ஆக்சிலேட்டரை விட்டு, செயின் நிற்கிறதா என்று பார்த்தார். மீட்டர் இல்லை, காதுதான். தலைக்கவசமும் இல்லை, தொடைக்குப் பாதுகாப்பும் இல்லை.

"திருப்பதி போகிறேன், கூட வாங்களேன்" என்றேன்.

"அந்தப் பக்கம் வேணாம் சார். எங்க ஊர்னு தெரிஞ்சா பஸ்லயே இறக்கிடுவாங்க."

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரச் சிறப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலையூர்க்காரர்கள் அதில் பலர். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து பிடித்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். செம்மரம் 1995 முதல், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் உள்ள மரம். காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடல் தாண்டி விற்று லாபம் பார்த்த ஒருவர்கூட அன்று அந்தக் காட்டில் விழவில்லை. விழுந்தவர்கள் பிழைப்புக்காகக் கூலிக்கு வந்தவர்கள்.

செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கர் மலையேறி வந்து முன்பணம் நீட்டுகிறான். அரசு அங்கே எதை நீட்டுகிறது? ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் செயின் மெஷின் பயிற்சிக் கூடம் ஒன்று வேண்டும். அரம் பிடிக்கவும் கார்புரேட்டர் திருப்பவும் அங்கே பாடம் எடுக்க இந்த மனிதரையே ஆசிரியராக வைக்கலாம். தேறியவருக்குச் சான்றிதழ், தலைக்கவசம், பாதுகாப்புக் கால்சட்டை கொடுக்க வேண்டும். புயலுக்குச் சாய்ந்த மரம், மின்கம்பிமேல் படரும் கிளை என்று நம் நகராட்சிகளிலும் மின்வாரியத்திலும் வருஷம் முழுக்க வேலை கிடக்கிறது. திருவண்ணாமலை ஆட்சியருக்கு இதை மனுவாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.