கொடிக்கு நடுவுல குளிங்க மக்களே!

கோவாவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, லீவுக்கு வரும் சொந்தக்காரர்களோடு எனக்கு இதே தகராறு. அலை இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். ஐயா, இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் சும்மா கிடந்தால் அதுதான் பெரும்பாலும் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம்!

2008-ல் அரசு கடற்கரைக் காவலைத் திருஷ்டி (பேரே அதுதான்) என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். வெறும் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. விசில் ஊதினால் "இவன் யாரு சொல்றதுக்கு" என்று முறைக்கிறார் மச்சான்.

இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல், பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மலிவு டிக்கெட்டில் வருகிறவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடு உண்டு, கடல் கிடையாது.