ஈரம் 17



அரிசி விலை பற்றி நாம் எழுதியதைப் படித்துவிட்டுச் சேலத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "கடையில் நல்ல அரிசி இந்த விலை விற்கிறது. அப்படியானால் விளைவிக்கிறவர் கையில் பணம் புரள வேண்டுமே, அவர் ஏன் இன்னும் புலம்புகிறார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. ஐப்பசியில் ஒருநாள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நீடாமங்கலம் தாண்டியதும் சாலை பாதியாகிவிட்டது. மறுபாதி முழுக்க நெல். வண்டி ஏறிவிடாமல் ஓரத்தில் கருங்கல்லும் முள்ளும் போட்டிருந்தார்கள். ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லில் சால் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிக் கிளறினால்தான் அடிநெல்லுக்கும் வெயில் படும். அன்றைக்கு வெயில்தான் இல்லை.

நான் போய் நின்ற கொள்முதல் நிலையத்தில் நெல் அம்பாரங்கள் படுதாவுக்குள் கிடந்தன. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர், ஒன்பது நாளாகக் காவல். இரண்டு ஏக்கர் குறுவை, 115 சிப்பம் தேறும் என்று கணக்கு வைத்திருந்தார். சிப்பம் என்பது 40 கிலோ. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தார். "கடுக்குன்னு உடையணும் தம்பி. இது நசுங்குது. இருபது இருக்கும்" என்றார். சற்று நேரத்தில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 20.3. பெரியவருக்கு அதில் ஒரு சின்னப் பெருமை கூட.

அரசு நெல் வாங்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. சிப்பம் ஒன்று ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரத்துக்கும் பெரியவருக்கும் நடுவில் நிற்பது சுமார் மூன்றே கால் சதவீதம் தண்ணீர்.

இந்த 17 மீது எனக்குக் கோபமில்லை. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் அது மூச்சு விடும், சூடேறும். அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி கொதித்தது. அப்படியே கிடங்குக்குப் போனால் பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும். ஆண்டுதோறும் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது. சில ஆண்டு தளர்வு கிடைத்தும் இருக்கிறது. ஆனால் எண்ணைத் தளர்த்தினால் நெல் காய்ந்துவிடுமா? அது விற்றுப் போகும், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கையால் அறுத்து, அரியை வயலிலேயே ஒருநாள் காயப் போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்கள். ஈரத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். இப்போது ஆள் இல்லை. பெல்ட் அறுவடை வண்டி வயலில் இறங்கினால் சில மணி நேரத்தில் வேலை முடிந்து, பச்சை ஈரத்தோடு நெல் டிராக்டரில் கொட்டுகிறது. காய வைக்கும் வேலையை இயந்திரத்தோடு சேர்த்து யாரும் வாங்கவில்லை. அந்த வேலை சாலைக்கு வந்துவிட்டது.

இது நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நூற்றுச் சொச்சம் நாள் நெல் டெல்டாவில் பரவியது. விளைச்சல் அள்ளியது. அறுவடை மட்டும் நேராக ஐப்பசி அடைமழைக்குள் போய் விழுந்தது. அந்த ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடியே 1967இல் திருவாரூரில் ஒரு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று அது தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. நம் ஊரிலேயே விடை தேடத் தொடங்கி அறுபது ஆண்டு ஆகப் போகிறது, பெரியவர் இன்னும் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேறு ஊர்களிலும் இதே கதைதான், பயிர்தான் வேறு. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் சரியாகக் காயாத மக்காச்சோளத்தை வீட்டுக்குள் அடுக்கி வைத்தார்கள். அதில் வளர்ந்த பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சால் 317 பேர் நோயில் விழுந்தார்கள், 125 பேர் இறந்தார்கள். பஞ்சத்தில் சாகவில்லை, தாங்களே விளைவித்ததைச் சாப்பிட்டுச் செத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காராமணியை வண்டு அரிக்காமல் வைக்க, உள்ளே இரண்டு பாலித்தீன் உறை போட்ட மூன்றடுக்குப் பை வந்திருக்கிறது. காற்றுப் புகாமல் கட்டினால் வண்டு முடங்கிப் போகும். நல்ல பைதான். ஆனால் அந்தப் பைக்கும் முதலில் காய்ந்த தானியம் வேண்டும். அறுவடைக்குப் பின், கடைக்கு வந்து சேர்வதற்குள் உலகின் உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019இல் சொன்னது. நாமோ இன்னும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதிலேயே நிற்கிறோம்.

வியட்நாமின் மேகாங் டெல்டாவிலும் ஒரு போகம் மழையில்தான் அறுவடையாகும். அங்கே 1980களிலிருந்து ஊருக்குள்ளேயே உலர்த்திகள் கட்டினார்கள். துளையிட்ட தளத்தின் மேல் நெல்லைக் கொட்டி, அடியில் உமி எரித்த சூட்டை விசிறியால் ஏற்றுவது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. உமி நம்மிடமும் மலை மலையாக இருக்கிறது. நான் பார்த்த நிலையத்தில் ஒரு படுதா கூடுதலாகக் கேட்டும் கிடைக்கவில்லை.

சேலத்து வாசகிக்குப் பதில் இதுதான், அம்மா. நீங்கள் கொடுக்கும் விலைக்கும் அவர் வாங்கும் பணத்துக்கும் நடுவே தரகர், ஆலை, லாரி எல்லாம் உண்டு. அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் நூறு கிலோ நெல் 17க்குக் காய்ந்தால் 94 கிலோதான் நிற்கும். காயாவிட்டால் வாங்க ஆளில்லை. காய வைப்பதற்குள் மழை வந்தால் முளைத்துவிடும். இந்த மூன்றுக்குள்தான் அவர் லாபம் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது பெரியவர் படுதாவின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். அடியில் நனைந்திருந்த சாக்கின் கண்களுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. "நாத்தங்கால்ல கூட இவ்வளவு சீரா முளைக்காது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் போன் செய்தார். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்ததாம். 104 சிப்பம் எடை போட்டாகிவிட்டது, பணம் வங்கிக்கு வரும். மீதிப் பதினொன்றை வாத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்கு விலை சொல்வாராம்.

அன்புடன்,
ஆசிரியர்