கணிதத்தைக் கைவிடலாமா? பி.யு.சி. பாடத்தொகுப்புத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், நகர ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்திலும் அருகிலுள்ள ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளையை எந்தக் 'காம்பினேஷனில்' சேர்ப்பது? பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. ஆயினும் எந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க இயலும், எதற்கு இயலாது என்பதில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

பி.யு.சி. என்னும் இரண்டாண்டுப் படிப்பில் இரண்டு மொழிப்பாடங்களும் நான்கு விருப்பப் பாடங்களும் உண்டு. மொழிப்பாடங்களில் ஒன்றாகத் தமிழையும் எடுக்கலாம். கற்பிக்கும் கல்லூரி கிடைப்பதுதான் அரிது. அறிவியல் பிரிவில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றுடன் நான்காவதாக உயிரியலைச் சேர்த்தால் பிசிஎம்பி, கணினி அறிவியலைச் சேர்த்தால் பிசிஎம்சி. மின்னணுவியல், புள்ளியியல் ஆகியவற்றைக் கொண்ட தொகுப்புகளும் உள்ளன. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாத் தொகுப்புகளும் இருப்பதில்லை. ஆகவே, வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியில் இடம் இருக்கும் தொகுப்பே பல மாணவர்களின் 'விருப்பப் பாடமாக' அமைந்துவிடுகிறது.

இத்தேர்வில் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. கணினிப் பொறியியல் படிக்க வேண்டுமானால் பி.யு.சி.யில் கணினி அறிவியல் கட்டாயம் என்பதே அது. விதி அவ்வாறு கூறவில்லை. கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி. வழியாகப் பொறியியலில் சேர, இயற்பியலும் கணிதமும் கட்டாயம். மூன்றாவது பாடமாக வேதியியல், உயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மின்னணுவியல், கணினி ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் போதும். பொதுப்பிரிவினருக்கு இவற்றில் 45 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் தேவை. தரவரிசையோ இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றில் பெற்ற பி.யு.சி. மதிப்பெண்ணுக்கு 50 சதவீதமும் சி.இ.டி. மதிப்பெண்ணுக்கு 50 சதவீதமும் அளித்துக் கணக்கிடப்படுகிறது. பிசிஎம்பி படித்தவரும் கணினிப் பொறியியலில் தடையின்றிச் சேரலாம். பிசிஎம்சி படித்தவர் நேரடியாக நீட் தேர்வு எழுத இயலாது.

அப்படியானால் அனைவரும் பிசிஎம்பி எடுத்துவிடலாமே எனத் தோன்றும். பெற்றோர் பலர் அப்படித்தான் செய்கின்றனர். மருத்துவம் கிடைத்தால் மருத்துவம், இல்லையேல் பொறியியல் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் நான்கு பாடங்களிலும் பளு மிக்க தொகுப்பு இது. உயிரியலுக்குச் செலவிடும் நேரம், பொறியியல் தரவரிசையைத் தீர்மானிக்கும் மூன்று பாடங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. மருத்துவம், நர்சிங், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றில் மாணவருக்கு உண்மையான நாட்டம் இருந்தால் மட்டுமே அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு. பி.பார்ம். படிப்புக்குக்கூட இயற்பியல், வேதியியலுடன் கணிதம் அல்லது உயிரியல் ஒன்று போதுமானது.

கணிதத்தின் நிலை வேறு. உயிரியலை விடுபவர் இழப்பது மருத்துவம் சார்ந்த ஒரு துறைத் தொகுதியை. கணிதத்தை விடுபவர் இழப்பது எவ்வளவு என்பது பெரும்பாலும் பின்னரே தெரியவருகிறது. ஒக்கலிபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 2011-இல் நான்காண்டு அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. உயிரியல் ஆய்வாளராக விரும்பி அங்கு விண்ணப்பிப்பவரும் இயற்பியல், வேதியியலுடன் கணிதமும் படித்திருக்க வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்புக்கு நுழைவுத் தேர்வில் கணிதத்தாள் எழுதியாக வேண்டும். வணிகவியல் பிரிவிலும் இதே கதைதான். பட்டயக் கணக்காளர் அடிப்படைத் தேர்வை எப்பிரிவு மாணவரும் எழுதலாம். ஆனால் அதன் நான்கு தாள்களுள் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் தருக்க அறிவும் கொண்டது. கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் ஆகியவற்றுடன் நான்காவதாக வரலாறு எடுப்பதா, அடிப்படைக் கணிதம் அல்லது புள்ளியியல் எடுப்பதா என்பது சிறிய வேறுபாடன்று.

விதிகள் தளர்ந்து வருகின்றனவே என்ற வாதமும் எழுகிறது. அதில் உண்மை உண்டு. கணிதமும் இயற்பியலும் இல்லாமலேயே பொறியியலில் சேர வழிசெய்யும் தகுதிப் பட்டியலை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் 2021-இல் வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெற்றவரும் நீட் எழுதலாம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வில், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் தேர்ந்தெடுக்கும் வசதி 2025-இல் வந்தது.

எனினும் இத்தளர்வுகள் யாருக்குப் பயன்படும் என்பதே கேள்வி. பொறியியல் குறித்த தளர்வு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கர்நாடகத்தின் சி.இ.டி. தகுதியில் கணிதமும் இயற்பியலும் அப்படியே நீடிக்கின்றன. உயிரியலைப் பின்னர் தனியாகப் படிப்பதற்கு மேலும் ஓராண்டும் பயிற்சிக் கட்டணமும் வேண்டும். பள்ளியில் படிக்காத பாடத்தில் கியூட் எழுதுபவர் அதைத் தனியார் பயிற்சியில்தான் கற்றாக வேண்டும். ஆலைகளையும் ரயில்வே வேலைகளையும் நம்பி ஒரு தலைமுறைக்கு முன் இங்கு குடியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து சென்றுவரக்கூடிய கல்லூரியும் சி.இ.டி. வழிக் கட்டணமுமே நடைமுறையில் எட்டக்கூடியவை. வசதியுள்ள வீட்டில் பி.யு.சி.யில் நேர்ந்த பிழையை ஓராண்டில் திருத்திக்கொள்ளலாம். மற்ற வீடுகளில் அந்த ஓராண்டு என்பது ஒருவரின் வருமானம்.

தளர்வுகளை நம்பித் திட்டமிடுவதில் மற்றோர் இடரும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கையின்படி தொடங்கப்பட்ட நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கர்நாடக அரசு கைவிட்டு, 2024-25 கல்வியாண்டில் மூன்றாண்டு முறைக்குத் திரும்பியது. மாணவர் பி.யு.சி. முடிப்பதற்குள் விதி மாறிவிடக்கூடும் என்பதற்கு இதுவே அண்மைச் சான்று. மருத்துவத்தில் உறுதியான நாட்டம் இல்லாத, ஆனால் கணிதத்தில் ஓரளவு தேர்ச்சியுள்ள மாணவர், கடினம் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாடத்தை விடுவது நட்டமான முடிவாகவே அமையும். கணிதம் உண்மையிலேயே வராத மாணவரை வற்புறுத்தி அறிவியல் பிரிவில் தள்ளி, இரண்டாமாண்டில் தோல்வியுறச் செய்வதும் அதே அளவு நட்டம். செய்முறைத் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளோர்க்கு எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ உண்டு. அதை முடித்தவர் டி.சி.இ.டி. எழுதிப் பொறியியலின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். இவ்வழியைப் பெற்றோர் பலர் கணக்கிலேயே கொள்வதில்லை.

ஒவ்வொரு படிப்புக்குமான தகுதிப் பாடங்களைக் கர்நாடகத் தேர்வு ஆணையம் தன் சி.இ.டி. கையேட்டில் ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆணையத்தின் அலுவலகமும் ஒக்கலிபுரத்துக்கு அருகில், மல்லேஸ்வரம் 18-ஆவது குறுக்குத் தெருப் பகுதியில்தான் உள்ளது. இரண்டாண்டுகள் கழித்துப் புரட்டப்படும் அக்கையேட்டை, பி.யு.சி. விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே ஒருமுறை படித்துவிடலாம்.