வாக்குப் பெட்டி மூடிய மறுநாள்

ஈழத் தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு நடத்தப்பெறல் வேண்டும் என்னும் முழக்கம் நம்மவர் மேடைகளில் ஓயாது ஒலிக்கின்றது. 2013 மார்ச்சு 27-ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் செயலலிதா முன்மொழிய, தமிழகச் சட்டமன்றமே அதனைத் தீர்மானமாக்கித் தில்லிக்கு விடுத்தது. தில்லி அசையவில்லை.

முழக்கம் நேரியதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், வாக்குப் பெட்டி மூடிய மறுநாள் என்ன நிகழும்? இவ் வினாவை எழுப்புவாரைக் காணோம். "முதலில் வாக்கெடுப்பு நடக்கட்டும், ஏனையவை தாமே நடக்கும்" என்கின்றனர். கிணறு வெட்டும் கொங்கு உழவன்கூட, நீர் ஊறியபின் அஃது எவ் வாய்க்காலில் ஓடும், எவ் வரப்பை உடைக்கும் என முன்கூட்டியே எண்ணுகின்றான். ஓர் இனத்தின் விடுதலைக்கு அவ் வெண்ணம் வேண்டாவா?

மறுநாள் எப்படியிருக்கும் என்பதை அறியக் கணியரிடம் செல்ல வேண்டுவதில்லை. நாம் அதனை ஒருமுறை கண்டுவிட்டோம். 1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் எழுந்தது. 1977 சூலை 21-ஆம் நாள் தேர்தலையே அதற்கான மக்கள் தீர்ப்பாகக் கொண்டு போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி, வடமாகாணத்தின் 14 இடங்களையும் கிழக்கில் நான்கையும் வென்றது. அதன்பின் நிகழ்ந்தவை யாவை? அடுத்த திங்களிலேயே தமிழர்மீது கொலைவெறித் தாக்குதல். 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981-இல் யாழ் நூலகத்துக்குத் தீ. 1983 சூலையில் பேரழிவு. ஆகசுட்டில், தனிநாடு கேட்பதையே குற்றமாக்கிய ஆறாம் சட்டத் திருத்தம். வாக்களித்த மக்கள் பிழை செய்திலர். அவ் வாக்கைக் காக்கும் வலிமை எவரிடத்தும் இல்லை என்பதே குறை.

உலகமும் இதையே உரைக்கின்றது. கிழக்குத் தைமூர் மக்கள் 1999 ஆகசுட்டு 30-இல் வாக்களித்து, 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவைவிட்டுப் பிரியும் வழியைத் தேர்ந்தனர். வாக்கெடுப்பை நடத்தியது ஒன்றிய நாடுகள் அவை. ஆனால் காவற்பொறுப்போ இந்தோனேசியாவின் கையில்! ஓநாயிடம் ஆட்டுப்பட்டியை ஒப்படைத்தாற்போன்ற அவ் வேற்பாட்டின் விளைவாக ஊர்கள் எரிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். செப்டம்பர் 20-இல் அயல்நாட்டுப் படை வந்திறங்கிய பின்னரே உயிர் பிழைத்தனர். 2002 மே 20-இல் தனியரசு மலர்ந்தது.

காக்க வருவார் இல்லாதவர் நிலை என்ன? ஈராக்கியக் குர்தியர் 2017 செப்டம்பர் 25-இல் 92 விழுக்காட்டுக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தனர். மூன்றே கிழமையில் கிர்க்கூக்கு நகரை இழந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 27-இல் கத்தலோனியா விடுதலை அறிவித்தது. அன்றே இசுபெயின் அதன் ஆட்சியைக் கலைத்தது. பெருவாக்கும் ஒப்பேற்பும் பெற்ற தென்சூடானோ, 2011 சூலையில் தனியரசாகி, 2013 திசம்பரில் தன்னுள்ளேயே போரிட்டு மடியத் தொடங்கியது.

எனவே நாம் முன்கூறுவது இது: ஈழத்தில் நாளை வாக்கெடுப்பு நடப்பின், முடிவில் ஐயமில்லை. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் நார்வே, கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் புலம்பெயர்ந்தோர் நடத்திய வாக்கெடுப்புகளில் வாக்களித்தோருள் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் தனியரசையே வேண்டினர். ஆனால் கொழும்பு அம் முடிவைச் செல்லாதென்னும். வடகிழக்கில் பாசறையிட்டிருக்கும் சிங்களப் படை வாளா இராது. தில்லி தன் எல்லைக்குள் வாழும் இனங்களை எண்ணி அஞ்சி ஒப்பேற்க மறுக்கும். நுவரெலியாவிலும் பதுளையிலும் சிங்களவர் நடுவே வாழும் மலையகத் தமிழர் பணையக் கைதியராவர். 1977-இலும் அடி அவர்மீது விழுந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் அவருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டபோது அவரிடம் எவர் வாக்குக் கேட்டனர்? நம் நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் அவர்தம் வழியினர் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கின்றனர். 1990-இல் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முசுலிம்களின் ஆறாப் புண்ணைக் கொழும்பு கிளறும். அப் புண்ணை ஆற்றாமல் கிழக்கில் ஒற்றுமை பேசுவது வீண்.

இவற்றைக் கூறுவது அச்சுறுத்தற்கு அன்று, கோரிக்கையை முழுமையாக்கற்கே. வாக்கெடுப்புக்கு முன்னரே சிங்களப் படை வெளியேறல் வேண்டும். வாக்கெடுப்பின் பின்னும் ஒன்றிய நாடுகள் அவையின் படை காவல் நிற்றல் வேண்டும். முசுலிம்களுக்கும் மலையகத்தார்க்கும் உரிய உறுதிகளைத் தமிழ்த் தலைவர்கள் முன்னரே எழுத்தில் வழங்கல் வேண்டும். இம் மூன்றும் இல்லா வாக்கெடுப்பு, மக்களைக் களத்தில் நிறுத்திவிட்டு நாம் கரையில் நின்று கைதட்டுவதாகும்.

கொங்குத் தமிழர்களே! முள்ளிவாய்க்கால் அழிவு நிகழ்ந்து பதின்மூன்று திங்களே கடந்த 2010 சூனில், நம் கோவையில் செம்மொழி மாநாடு கூட்டப்பெற்றது. குடியரசுத் தலைவரே வந்து தொடங்கி வைத்தார். தெருவெங்கும் தோரணம், மொழிக்கு மாலை, அம் மொழி பேசிய மக்களுக்கோ புதைகுழி! அவ் வேடிக்கையை இனியும் பொறுத்தல் ஆகாது. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலமலைத் தொகுதிகளில் உங்கள் வாயில் தேடி வாக்குக் கேட்டு வருவாரை நிறுத்திக் கேளுங்கள்: "ஈழத்தில் வாக்கெடுப்பு வேண்டும் என்கிறீரே, மறுநாள் அம் மக்களைக் காப்பது யார்? தில்லியில் அதற்கு என்ன செய்வீர்?" விடையிலார்க்கு வாக்கும் இல்லை என்று சொல்லுங்கள். மறுநாளை எண்ணாத விடுதலை, விடியுமுன்னே எரிந்துபோகும்.