ஓநாய் மேல் பழி போடலாமா?

"சொந்த ஊர் எது?" என்று கேட்பவரிடம் "கொள்ளேகால்" என்று சொன்னால் போதும், தமிழர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அடேயப்பா, மந்திரவாதி ஊரா! கூடு விட்டுக் கூடு பாயத் தெரியுமா?" என்று கேட்பார்கள். திரைப்படங்களும் தொடர்கதைகளும் எங்கள் ஊருக்குத் தேடித் தந்த புகழ் அது. பட்டுத் தறிகளும் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்துகளும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. "தெரியாதுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் சென்ற கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கூடு பாய்தலைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. அதைப் பற்றித்தான் வாசகர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன்.

பெங்களூரிலிருந்து என் அக்கா மகன் நான்கு நண்பர்களுடன் வந்திருந்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றொரு விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் வெளியிட்டது. காய்களை நகர்த்தி வெல்லும் ஆட்டம் அல்ல இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவனோடு பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லுவார்கள். காரியம் பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். நம் தெருக்கூத்தை உட்கார்ந்துகொண்டே ஆடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் ஆறு ஆற்றல்கள் எழுதியிருக்கும். உடல் வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் திறன் ஆகிய மூன்றும் உடம்பைச் சேர்ந்தவை. அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் தன்மை ஆகிய மூன்றும் உள்ளத்தைச் சேர்ந்தவை. என் மருமகனின் பாத்திரம் ட்ரூயிட் என்னும் காட்டுத் தவசி. நினைத்தால் விலங்காக மாறக் கூடியவர். ஆயுதம் இல்லாதவனைத் தாக்குவதில்லை என்று அந்தத் தவசிக்கு ஒரு விரதத்தையும் அவனே எழுதி வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் வந்தது வினை. தவசி ஓநாயாக மாறினார். கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரு திருடனைக் கடித்துக் கொன்றுவிட்டார். கதை நடத்திய பெண் "உன் விரதம் என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். "நான் எங்கே கொன்றேன்? ஓநாய்தானே கொன்றது! ஓநாய்க்கு ஏது விரதம்?" என்றான் இவன். கூச்சல் பெரிதாகி, கடைசியில் "மாமா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றார்கள். கொள்ளேகால்காரன் அல்லவா, எனக்குத் தெரியாமலா இருக்கும்!

விதிப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். 2014-இல் வந்த விதிகள் தெளிவாகவே இருந்தன. தவசி விலங்காக மாறும்போது உடம்பைச் சேர்ந்த மூன்று ஆற்றல்களும் அந்த விலங்கினுடையவை ஆகிவிடும். உள்ளத்தைச் சேர்ந்த மூன்றும், அவருடைய குணமும், நல்லது கெட்டதில் அவர் எந்தப் பக்கம் என்பதும் அவருடையவையாகவே இருக்கும். பாலிமார்ஃப் என்னும் மந்திரத்தால் ஒருவரை விலங்காக்கினால் அறிவுகூட அந்த விலங்கின் அளவுக்குக் குறைந்துவிடும். அப்போதும் குணம் மாறுவதில்லை. ஆக, புத்தகத்தின்படி என் மருமகன் கட்சி தோற்றது.

ஆனால் அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சிறுவர்களில் ஒருவன் பழைய பதிப்புகளின் விதிகளையும் கைப்பேசியில் வைத்திருந்தான். 1978-இல் வந்த விதிநூல் வேறு விதமாகச் சொல்கிறது. பிறர் மந்திரத்தால் உருமாறியவனுக்கு மனமும் புதிய உடம்பின் மனமாகவே மாறிவிடும் ஆபத்து உண்டாம். அறிவு கூடுதலாக உள்ளவனுக்கு அந்த ஆபத்து குறைவு. உருமாறிய அன்று மட்டும் பகடை போட்டுப் பார்த்தால் போதாது. மனம் மாறும்வரை நாள்தோறும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு விதி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பிழைக்க ஊர் விட்டு வந்த நம் போன்றவர்களின் கதை இதுதானே?

நம் பெரியவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். வடக்கே கயிலையிலிருந்து ஒரு சிவயோகி தென்னாட்டுக்கு வருகிறார். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காமல் யோகி மூலனின் உடம்பில் புகுகிறார். மாடுகள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் மூலனின் மனைவி வந்து தொடப் போக, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோக நிலையில் இருப்பவர், உன் கணவன் அல்ல என்று உணர்கிறார்கள். மாடுகள் அறிந்தது உடம்பை. ஊரார் அறிந்தது ஒழுக்கத்தை.

தம் பழைய உடம்பைத் தேடிப் போன யோகிக்கு அது கிடைக்கவில்லை. ஆகமப் பொருளைத் தமிழில் சொல்லவைப்பதற்காகச் சிவபெருமானே அதை மறைத்தார் என்கிறது புராணம். கவனியுங்கள். ஞானமும் இரக்கமும் உயிரோடு வந்தவை. தமிழோ, சாத்தனூர் இடையனின் உடம்போடு வந்த சொத்து. புதிய கூட்டின் மொழியை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அதிலேயே திருமந்திரம் பாடினார்.

விக்கிரமாதித்தன் கதையிலும் இப்படித்தான். அரசன் கிளியின் உடம்பில் புகுந்திருக்கும் நேரம் பார்த்து, வேறொருவன் அரசனின் உடம்பில் புகுந்து அரண்மனைக்கு வந்துவிடுகிறான். முடி இருக்கிறது, முகம் இருக்கிறது. ஆனாலும் நடத்தையைக் கண்டு ராணி சந்தேகப்பட்டு விலகி நிற்கிறாள். கிளியாக இருந்தவனோ கிளியாக இருந்தபடியே நியாயம் பேசினான். உடம்பு பறிபோனாலும் அரசத் தன்மை பறிபோகவில்லை.

எங்கள் ஊருக்கே இந்த அனுபவம் உண்டு. கொள்ளேகால் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. அலுவலகப் பலகை மாறியது, பள்ளிக்கூடப் பாடம் மாறியது. வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் பேசிக்கொண்டு, கூட்டை மாற்றிக்கொண்டு வாழப் பழகினோம். உடை, உணவு, வெளியே பேசும் மொழி எல்லாம் உடம்பைச் சேர்ந்தவை. அவை மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. மாற வேண்டும் என்றே சொல்வேன். பல ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தும் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தெரியாத நம்மவர்களைக் கண்டால்தான் எனக்கு வருத்தம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. "இங்கே எல்லோரும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு, சொந்த ஊரில் செய்யக் கூசியதை இங்கே துணிந்து செய்கிறோமே, அதற்கு. ஊரில் பெரியவர்கள் எதிரே குரல் உயர்த்தாதவர் இங்கே வேலைக்கார அம்மாவை ஒருமையில் விரட்டுகிறார். ஊரில் நாணயமாக இருந்தவர் இங்கே வாடகை முன்பணத்தில் ஏமாற்றப் பார்க்கிறார். கேட்டால் ஊர் மேல் பழி. என் மருமகன் ஓநாய் மேல் போட்ட அதே பழி.

உருமாற்றங்களிலேயே கொடியது கூட்டமாக மாறுவது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதை ஒட்டி, பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். வீடு வாசலை விட்டு எல்லை தாண்டி ஓடியவர்கள் ஆயிரக்கணக்கானோர். எங்கள் தெருவுக்கும் ஒரு கூட்டம் வந்தது. எங்கள் மளிகைக் கடையின் பலகைகளை உடைத்தவர்களில், எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருந்த ஒருவரும் இருந்தார். பத்து நாள் கழித்து அவரே வந்து அரைக் கிலோ சர்க்கரை கேட்டார். தலையைக் குனிந்தபடி, "அன்று வந்தது நான் இல்லை, கூட்டம்" என்றார். அப்பா பதில் ஒன்றும் பேசாமல் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தார்.

அதே இரவில் பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போய்த் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். தேடி வந்தவர்களிடம் "இவரு நம்ம மனெயவரு" என்று சொல்லிக் கதவை அடைத்தார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அன்று ஓநாய் வேடம் தயாராக இருந்தது. அஜ்ஜி அதை அணியவில்லை.

இது ஒரு மொழிக்காரர் மீது சொல்லும் குற்றம் அல்ல. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது, தமிழ்நாட்டில் கன்னடர்களின் உணவகமும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அங்கே கல்லெறிந்தவர்கள் நம்மவர்கள். அவர்களும் வீட்டுக்குப் போய், "நான் இல்லை, கூட்டம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பைச் சிறுவர்களிடம் இப்படிச் சொன்னேன். ஓநாயின் பல் கூர்மையாக இருப்பது ஓநாயின் குணம். அதை யார் மேல் பதிப்பது என்பது தவசியின் குணம். ஓநாயின் பசியும் வெறியும் தவசியைப் பிடித்து இழுத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மனித உடம்புக்குத் திரும்பியதும், "நான் செய்ததுதான்" என்று சொல்லாவிட்டால், அடுத்த முறை மாறும்போது அவரிடம் விரதம் என்ற ஒன்றே இருக்காது.

என் மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் காலை ஆட்டம் மறுபடி தொடங்கியது. தவசி, செத்துப்போன திருடனின் ஊரைத் தேடிப் போனார். அவன் தாயிடம் உண்மையைச் சொல்லி, ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் வயலை உழுதார். கதை நடத்திய பெண் அப்படி ஒரு கட்டளை இடவில்லை. இவனாகவே சொன்னான். இரவு சாப்பிடும்போது என்னிடம், "ஓநாயா மாறினப்பவும் அந்தத் தாள் என் கையிலதானே இருந்துச்சு, மாமா" என்றான்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளைக் கண்டு "பேய் பிசாசு ஆட்டம்" என்று பெற்றோர் பயப்பட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. பிள்ளைகள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் வேறு உருவம் எடுக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாம் எதை மாற்றிக்கொண்டோம், எதை மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் பழைய விதிநூல் சொல்வது போல, இந்தப் பகடையை வந்த அன்று ஒரு முறை போட்டால் முடிந்துவிடாது. நாளைக் காலையிலும் போட வேண்டும்.