மீண்டும் வந்தது காண்ட்ரா!

நெய்வேலி நகரியத்தில் 1990-களில் வளர்ந்தவர்களிடம் "காண்ட்ரா" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். கட்டை விரல் தானாக அசையும்.

காண்ட்ரா என்பது ஆள் அல்ல, ஊரும் அல்ல. அது ஒரு வீடியோ விளையாட்டு. ஜப்பான் நாட்டுக் கொனாமி கம்பெனி 1987-ல் அதை வெளியிட்டது. 1988-ல் அது வீட்டு டெலிவிஷனுக்கு வந்தது. அதே விளையாட்டு 2024 மார்ச் மாதம் புது உருவில் திரும்பி வந்தது. புதுப் பெயர் "காண்ட்ரா: ஆபரேஷன் கலூகா."

பழைய சரக்கு மறுபடியும் கடைக்கு வருவானேன்?

பெல்ட் போல் ஓடும் படம்

கதை எளியது. காலம் கி.பி. 2633. நியூசிலாந்து அருகே கலூகா என்று ஒரு தீவுக்கூட்டம். வேற்றுக் கிரகப் பகைவர்கள் அங்கே வந்து பதுங்கியிருக்கிறார்கள். பில், லான்ஸ் என்ற இரண்டு வீரர்கள் அவர்களை ஒழிக்கப் புறப்படுகிறார்கள்.

திரையில் வீரன் வலப்பக்கமாக ஓடுவான். காடும் மலையும் பின்னால் நகர்ந்து போகும். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்து ஓடுகிறதே கன்வேயர் பெல்ட், அதில் காட்சியை ஏற்றி விட்டது போல் இருக்கும்.

ஒரு குண்டு பட்டால் போதும், ஓர் உயிர் போச்சு! கையில் இருப்பதோ மூன்றே உயிர். ஆனால் ஒரு ரகசியம் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ. இப்படிப் பொத்தான்களை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். இந்தக் குறுக்கு வழியைக் கண்டவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. "கிரேடியஸ்" என்ற வேறொரு விளையாட்டைச் சோதித்துப் பார்த்தபோது அது அவருக்கே கடினமாக இருந்தது. அதற்காக வைத்துக்கொண்ட வழி இது. செய்தவர் பாடே இப்படி என்றால் பிள்ளைகள் பாடு எப்படி இருந்திருக்கும்!

9999 விளையாட்டு!

நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் வந்தவை நகல்கள். "ஃபாமிகாம்" என்ற ஜப்பான் கருவியைப் பார்த்துச் செய்தவை. கேசட்டின் மேல் "9999 விளையாட்டு" என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். நெய்வேலி ஷிப்ட் ஊர். இரவு ஷிப்ட் முடித்த தந்தை பகலில் தூங்குவார். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் போர்!

நகல் கேசட்டுகளால் கொனாமிக்கு வருமானம் இல்லை. ஆனால் பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. அன்று கேசட்டை ஊதி ஊதிச் சொருகிய பிள்ளைகள் இன்று சம்பளம் வாங்குகிறவர்கள். கம்பெனி குறி வைப்பது அவர்களைத்தான். 2019-ல் "ரோக் கோர்" என்ற பெயரில் ஆட்டத்தின் அமைப்பையே மாற்றிப் பார்த்தார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவேதான் பழைய ஓட்டத்துக்கே திரும்பினார்கள்.

முடிவு உண்டா?

விளையாட்டு என்றாலே இன்று பெற்றோருக்குப் பயம். பயம் நியாயமானதே. செல்போன் விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. நாளுக்கு நாள் காசு கேட்கின்றன. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் செய்ய வேண்டி வந்தது.

காண்ட்ரா அந்த ஜாதி அல்ல. பழையதிலும் எட்டுக் கட்டம், புதியதிலும் எட்டுக் கட்டம். முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். புதியதில் ஒரு கடை உண்டு. அங்கே செல்லுவது ஆட்டத்தில் சம்பாதித்த புள்ளிதான், அப்பாவின் பணம் அல்ல. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஆரம்பம் முதல் கடைசி வரை துப்பாக்கிச் சூடுதான். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

புதிய விளையாட்டில் ஒரு குறை என்கிறார்கள். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஆட அதில் ஏற்பாடு இல்லை. நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இது உறைக்கும். தந்தை ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒரே கூடத்தில் ஆடிய அண்ணனும் தங்கையும் இன்று சென்னையில், பெங்களூரில், கடல் கடந்து என்று சிதறிக் கிடக்கிறார்கள். இருவரும் சேர்ந்து ஆட வேண்டுமா? பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு வீட்டில் கூடி, ஒரே டெலிவிஷன் முன் உட்கார வேண்டும். இதைக் குறை என்பதா, லாபம் என்பதா?

கதைப் பகுதியை இருவர் சேர்ந்து ஆடலாம். இன்னொரு பகுதியில் நால்வர் வரை சேரலாம். அண்ணன் பிள்ளைக்கும் தங்கை பிள்ளைக்கும் இடம் உண்டு. ஒரு குண்டுக்கே உயிர் போகாதபடி மாற்றி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

"மாற்றம் எதற்கு? பழையதே வேண்டும்" என்பவர்களுக்கு 2019-ல் வந்த "ஆனிவர்சரி கலெக்‌ஷன்" என்ற தொகுப்பு உண்டு. அதில் மூன்றே உயிர்தான்.